கருப்புக் காரும் உத்திரமேரூர் உரைகல்லும்

கருப்பு நிறத்தில் கார் வாங்காதே என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. ஷோரூம் பையனே சொன்னான், "சார், வெள்ளை எடுத்துக்கோங்க. நம்ம ஊர் தூசிக்கு கருப்பு தாங்காது." நான் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாகப் புதுக் கார். அதுவரை ஓட்டியதெல்லாம் யாரோ ஓட்டித் தள்ளியவை. பிடித்த நிறத்தை இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது?

வாங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கிரஷர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, கருப்புக் கார் சாம்பல் நிறக் காராகியிருந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து காரை ஒரு சுற்று துடைத்து முடித்திருந்தார். எழுபத்து மூன்று வயது. வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் வழக்கம்போல வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் போனேன். திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது இறங்கு வெயில் பானட்டின்மேல் விழுந்தது. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அவர் திருப்பிக் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துண்டுல தொடைச்சா கீறல் வுழுமா? அப்ப அது இன்னா பெயிண்ட்டு?"

நியாயமான கேள்வி. பதில் தேடப் போனவன் ஃபோர்டு, குருந்தக்கல் என்று சுற்றிவிட்டு, கடைசியில் புறப்பட்ட உத்திரமேரூருக்கே வந்து சேர்ந்தேன். அந்தச் சுற்றுதான் இந்தப் பதிவு.

கீறியது துண்டு இல்லை

முதலில் அப்பாவின் துண்டை விடுதலை செய்துவிடலாம். பருத்திக்குப் பெயிண்டைக் கீறும் பலம் பெரிதாகக் கிடையாது. கீறியது துண்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிய தூசி. நம் பக்கத்துக் குன்றுகளில் நிறைய இருப்பது சார்னோக்கைட் என்கிற கருநீலச் சாம்பல் கல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் அது. சென்னைப் பக்கம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் கல். அதை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் அந்தப் பெயரை வைத்தார். இந்தக் கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. சாதாரணக் கத்தி ஐந்தரை சுமார். கார் பெயிண்டின் கடினத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள் தெரியுமா? பென்சிலால். எந்த கிரேடு பென்சில் கீறுகிறது, எது கீறவில்லை என்று பார்க்கிறார்கள். பென்சிலால் சோதிக்கும் பரப்பின்மேல் கிரஷர் பொடியைப் போட்டு உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

வெள்ளைக் காரிலும் இதே கீறல் விழும். ஆனால் தெரியாது. வெள்ளை நிறமி தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. கீறல் சிதறடிக்கும் கொஞ்சம் ஒளி அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். கருப்பு, உள்ளே போகும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு வருவது மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் நாலு சதவீத ஒளி மட்டுமே. பின்னணி இருட்டாக இருப்பதால் ஒரு சின்னக் கீறலும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். அந்தச் சிலந்தி வலை வட்டமும் ஒரு தோற்றம்தான். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால், சூரியனைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே வரும்.

ஆக, கருப்புப் பரப்பு தன்மேல் நடந்ததை மறைக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அது இன்னா பெயிண்ட்டு?

காருக்கு முன்னால் குதிரை வண்டி. சென்னையில் சிம்சன் கம்பெனி 1840இல் தொடங்கியபோது அதன் தொழில் கோச்சு வண்டி கட்டுவது. அதே சிம்சனில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி சென்னைத் தெருவில் ஓட்டினார். அந்தக் காலத்துக் கோச்சுப் பெயிண்ட் என்பது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. ஒரு கோட் அடிப்பது, காய விடுவது, நுரைக்கல் பொடியால் தேய்த்துச் சமமாக்குவது, அடுத்த கோட். கடைசியில் வார்னிஷ். முதலில் வந்த கார்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஃபோர்டின் மாடல் டி 1908இல் வந்தது. கருப்பு நிறத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் சில வருஷங்களில் சிவப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் இருந்தன. 1914 முதல் 1925 வரைதான் கருப்பு மட்டும். அது 'ஜப்பான் பிளாக்' வகை எனாமல். தாரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது. ஜப்பானிய அரக்கு வேலைப்பாட்டைப் பார்த்து ஐரோப்பியர்கள் செய்த நகல் என்பதால் அந்தப் பெயர். மலிவு, தாங்கும், அடுப்பில் வைத்துச் சுட்டுவிடலாம். 1920களின் நடுவில் டூபான்ட் கம்பெனியின் டூக்கோ லாக்கர் வந்தபின் ஸ்ப்ரே அடித்து மணிக்கணக்கில் காயவைக்க முடிந்தது. நிறங்கள் திரும்பி வந்தன.

நம் அம்பாசிடர், பத்மினி காலத்துப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருந்தன. சின்ன வயதில் எங்கள் அத்தை கல்யாணத்துக்கு ஒரு கருப்பு அம்பாசிடர் வாடகைக்கு வந்தது. டிரைவர் அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்து, டின்னிலிருந்து பாலிஷை எடுத்துப் பழைய பனியன் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். துணி கருப்பானது. எனக்கு அது அழுக்கு என்றே தோன்றியது. இல்லை, அது பெயிண்ட். கார் கொஞ்சம் துணிக்கு வந்துவிட்டது.

இன்றைய கார் வேறு. 1998இல் நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்த காலத்திலிருந்து நாம் பார்க்கும் கார்கள் பெரும்பாலும் பல படலக் கார்கள். பாடியைப் பாஸ்பேட் தொட்டியில் முக்கி, பிறகு மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, பிரைமர் அடித்து, நிறப் படலம் அடித்து, கடைசியில் நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படலம். அதுதான் கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 130 மைக்ரான் வரும். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால், இரண்டு மூன்று கோடையில் மேல்தோல் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். பழைய கார்களின் கூரையில் பார்த்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு என் பதில் இதுதான்: நாம் பார்க்கிற கருப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது. கீறல் விழுந்தது அதன்மேல் இருக்கும் கண்ணாடியில்.

குருந்தக்கல்

கீறலை எடுப்பது எப்படி? எடுக்கவே முடியாது என்பதுதான் உண்மை. கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை நிரப்பும் மருந்து கிடையாது. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் மேட்டைச் சீவினால் பள்ளம் காணாமல் போகும். பாலிஷ் என்பதே சீவுவதுதான். முரட்டுப் பொடியில் தொடங்கி, நைஸான பொடிக்கு வந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களாக முடிப்பது.

அந்தப் பொடிகளில் முக்கியமானது அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அது கல்லாகக் கிடைக்கும்போது உலகம் முழுவதும் 'கொரண்டம்' என்கிறார்கள். அது நம் 'குருந்தம்' என்ற சொல். 1798இல் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். அந்தச் சமயத்தில்தான் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் இன்றும் குருந்தக்கல் கிடைக்கும். மோஸ் அளவில் 9. வைரம் மட்டும்தான் அதற்கு மேல்.

நம் சாணைக்கல்லும் இதுதான். குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு கலந்து வட்டமாக்கினால் சாணை. பொடி வெட்டும், அரக்கு பிடித்துக்கொள்ளும். டீடெய்லிங் கடையில் சுழலும் மெஷினில் இருக்கும் நுரைத் தட்டும் கம்பவுண்டும் செய்வது அதே வேலைதான். பிடித்துக்கொள்ள ஒன்று, வெட்ட ஒன்று. பாட்டில் மேல் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி.

மெழுகு

மெழுகு எங்கே வருகிறது? மெழுகு எதையும் வெட்டாது. அது கடைசியில் போடும் காப்பு. நல்ல கார் மெழுகில் சேர்ப்பது கார்னாபா, வடகிழக்கு பிரேசிலில் ஒரு பனை இனத்தின் ஓலையில் படியும் மெழுகு. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். கார்னாபா 82 டிகிரிக்கு மேல். சித்திரை வெயிலில் நிற்கும் கருப்பு பானட் 70 டிகிரியைத் தொடும் என்பதை யோசித்தால், ஏன் பனை மெழுகு என்பது புரியும்.

தமிழில் மெழுகுதல் என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. எங்கள் ஆயா வெள்ளிக்கிழமை தோறும் சாணம் கரைத்துத் திண்ணையையும் கூடத்தையும் மெழுகும். வாரம் முழுக்க நாம் நடந்து தேய்த்தது அந்த மெழுகலை. தரை அப்படியே இருந்தது. தேய்வதற்கென்றே ஒரு படலத்தைப் போட்டு, அது தேய்ந்ததும் திரும்பப் போடுவது. கார் மெழுகுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மெழுகுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அதில் எண்ணெயும் நிரப்பியும் கலந்து பூசினால் கீறலின் பள்ளம் தற்காலிகமாக நிரம்பிக் கண்ணுக்கு மறையும். நாலு வாஷ் வரை. இதுதான் அசல் கண்துடைப்பு.

என் கதைக்கு வருகிறேன். ஊரிலிருந்து திரும்பியதும் நகரத்தில் ஒரு டீடெய்லிங் கடையில் விட்டேன். "புல் கரெக்‌ஷன் சார், ஷோரூம் கண்டிஷனுக்கு வந்துடும்." சாயங்காலம் போனால் கார் கண்ணாடி மாதிரி நின்றது. சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து மழை, வாஷ் எல்லாம் முடிந்தபின், அதே இறங்கு வெயிலில் பாதிக் கீறல்கள் திரும்பி வந்திருந்தன. கூடவே மெஷின் போட்ட புதுச் சுழிகளும். ஆக, கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள், மிச்சத்தை மூடியிருக்கிறார்கள். எவ்வளவு வெட்டினார்கள்?

பெயிண்ட் தொழிலில் இருக்கும் நண்பரிடம் தடிமன் அளக்கும் கருவியைக் கடன் வாங்கினேன். பானட்டின் நடுவில் 118, 115, 116 மைக்ரான். ஓரத்தில் ஒரு மடிப்பின் மேல் 84. மெஷின் ஓரங்களில் அதிகம் வெட்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த இடம் கம்பெனியிலிருந்து வரும்போதே 84ஆக இருந்ததா, 100ஆக இருந்ததா? தெரியாது. வேலைக்கு முன் யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் போய் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அம்பாசிடரில் தேய்த்தது துணியில் தெரிந்தது. கிளியர் கோட்டுக்கு நிறமே இல்லை. எவ்வளவு எடுத்தாலும் துணி வெள்ளையாகவே இருக்கும்.

அன்று ராத்திரி பழைய குறிப்புகளைப் புரட்டும்போதுதான் அந்தக் கல்வெட்டு கண்ணில் பட்டது.

உரைகல்லில் ஒட்டிய பொன்

உத்திரமேரூர் என்றால் குடவோலை. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921. வெங்கையா 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் விரிவாக எழுதியதிலிருந்து எல்லாப் பாடப்புத்தகத்திலும் அதுதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்பதை நாம் மேடையில் பெருமையாகச் சொல்வோம்.

அதே ஊரின் பராந்தகன் காலக் கல்வெட்டு இன்னொன்று பொன் பார்ப்பவர்களைப் பற்றியது. ஊரில் புழங்கும் பொன்னை மாற்றுப் பார்க்க யாரை வைப்பது, அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சபை விதி செய்கிறது. அதில் ஒரு விதி: மாற்றுப் பார்க்கும்போது பயன்படும் மெழுகை ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

முதல்முறை படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. பொன் பார்ப்பதற்கு மெழுகு எதற்கு? பிறகு ஒரு பத்தர் விளக்கினார். உரைகல் கருப்புக் கல். ஏன் கருப்பு என்பதற்கு மேலே பதில் இருக்கிறது. தன்மேல் இழுத்த கோட்டை அது மறைக்காது. சோதிக்க வேண்டிய பொன்னை ஒரு கோடு, மாற்றுத் தெரிந்த ஆணியை ஒரு கோடு. இரண்டையும் கண்ணால் ஒப்பிடுவது. வள்ளுவர் கட்டளைக்கல் என்று சொல்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு கோடும் வாடிக்கையாளரின் பொன். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூட எடை இல்லாத பொன். அதைக் கல்லிலிருந்து எடுக்க மெழுகு உருண்டையை ஒற்றுவார்கள். பொன் மெழுகில் ஒட்டிக்கொள்ளும், கல் அடுத்த உரைக்குச் சுத்தமாகும். மாதக்கணக்கில் ஒற்றிய மெழுகை உருக்கி எரித்தால் அடியில் பொன் நிற்கும்.

சபைக்கு இது தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு கோடு பொன் குறைகிறது, யாராலும் அதை எடைபோட்டு நிரூபிக்க முடியாது, ஆனால் அது எங்கோ சேர்கிறது. பார்ப்பவன் மடியில் சேரக்கூடாது. ஆகவே மெழுகை ஒப்படை. ஏரி வாரியத்திடம் ஏன்? கல்வெட்டு காரணம் சொல்வதில்லை. என் யூகம், ஏரிதான் ஊரில் எல்லோருக்கும் பொதுவான சொத்து. வயிரமேக தடாகத்துக்குத் தூர்வார எப்போதும் பொன் தேவை. எல்லோரிடமும் தேய்ந்தது எல்லோருக்குமான தண்ணீருக்குப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

என் தொழிலில் இதற்கு ஆடிட் லாக் என்போம். பெரிய தொகை திருடு போனால் யாருக்கும் தெரியும். பைசாவுக்குக் கீழே வட்டமிடும் இடத்தில் போவதுதான் தெரியாது. அதற்குத்தான் லாக் எழுத வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சபை மெழுகு உருண்டைக்கு விதி எழுதியிருக்கிறது. நான் பதினைந்து லட்ச ரூபாய் காரை ஓர் அளவும் எடுக்காமல் மெஷினுக்குக் கீழே விட்டேன்.

இனி

இதைப் படித்துவிட்டுக் காரைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான். வேலைக்கு முன் ஒவ்வொரு பேனலிலும் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் எதிரில் எழுதி வாங்குங்கள். ஒரு சின்ன இடத்தில் மட்டும் பாலிஷ் செய்து, நிரப்பி போகும்படி நன்றாகத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தபின் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். மெல்லிய பாலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரான் குறையும், அது சாதாரணம். கருவி இல்லை என்று சொல்லும் கடையில் மெழுகு மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ஆழமான கீறல்களை விட்டுவிடுங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறலை எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே மிஞ்சாது.

என் காரில் மிச்சமிருக்கும் கீறல்களை நான் எடுக்கப் போவதில்லை. 84 மைக்ரானில் இன்னொரு முறை மெஷின் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. வருஷத்துக்கு மூன்று முறை மெழுகு, அவ்வளவுதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, கீறல் துண்டால் இல்லை, கிரஷர் பொடியால் என்று அப்பாவிடம் சொன்னேன். மெழுகு உருண்டை கல்வெட்டையும் சொன்னேன். கல்வெட்டுக்கு அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பத்தர் கடையில தரையக் கூட்டின மண்ணையே காசு குடுத்து வாங்கினு போவாங்க, தெரியாதா?" என்றார். பிறகு மோட்டாரைப் போட்டு, ஓஸைப் பிடித்து, காரின் கூரையிலிருந்து தண்ணீர் விட ஆரம்பித்தார். தூசி முழுக்க இறங்கும் வரை துணியைத் தொடவில்லை. நான் இன்னொரு பக்கெட்டில் ஷாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த வேப்பம்பூவை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, "இந்தப் பக்கம் வா, இங்க இன்னும் போவல" என்றார்.